எண் நாற்பத்தேழு

இரவு இரண்டு மணிக்கு மேல்
தொழுவம் தொலைபேசியில் அழைக்கும்.
எடுத்தால் ஒரு பெண்குரல்,
சளி பிடிக்காத, கொட்டாவி விடாத குரல்:
எச்சரிக்கை. இயந்திரம் இரண்டு. எண் நாற்பத்தேழு.
கேட்டுக்கொண்டீர்கள் என்றால் ஒன்றை அழுத்தவும்.

ஹிஸ்கியா ஒன்றை அழுத்துவாள்.
தவறான தேர்வு என்று சொல்லிவிட்டு
மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.
குரல் முடியுமுன் அழுத்திவிட்டாளாம்.

கடலணைக்கு உள்ளே, கடல்மட்டத்துக்கும் கீழே,
ஃப்ரீஸ்லாந்தின் தட்டை நிலத்தில்
நூற்றுப் பத்துப் பசுக்கள்,
வங்கிக் கடனில் இரண்டு கறவை இயந்திரங்கள்.
விற்க வந்தவன் காட்டிய படத்தில்
ஒரு குடும்பம் காலை எட்டு மணிக்கு
ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டிருந்தது.
இனி நீங்கள் தூங்கலாம் என்றான்.
அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவள் கையெழுத்திட்டாள்.

ஆடுகிற மாட்டை ஆடிக் கற,
பாடுகிற மாட்டைப் பாடிக் கற
என்பது என் மொழி.
அவள் மொழியில் அதற்கு என்ன சொல்வார்களோ,
அவள் கைக்குத் தெரிந்திருந்தது.
பொப்கே உதைக்கும்;
விலாவில் முழங்கையை ஊன்றினால் அடங்கும்.

நாற்பத்தேழு என்றால் 'காம்பு காணப்படவில்லை'.
கையேட்டில் அவ்வளவுதான்.
கண்ணாடிக் கண்ணின் குறுக்கே
சிலந்தி வலை கட்டினாலும் நாற்பத்தேழு.
சாணி தெறித்தாலும் நாற்பத்தேழு.
பசு கம்பிக்கிடையில் கால் மாட்டி நின்றாலும்
அதே மணி, அதே குரல், அதே அவசரம்.

மார்ச்சில் முப்பத்தொரு முறை எழுந்தாள்.
எண்ணிவைத்தது அவள் அல்ல, டௌவே,
நாட்காட்டியில் பென்சில் கோடுகளாக.
இருபத்தொன்பது சிலந்தி.
ஒன்று சாணி.
ஒன்று, போய்ப் பார்த்தால் எதுவுமே இல்லை;
பச்சை விளக்கு
நானா கூப்பிட்டேன் என்பதுபோல் எரிந்துகொண்டிருந்தது.

புலி வருது புலி வருது என்று
பொய் சொன்ன பையனையாவது
காதைப் பிடித்துத் திருகலாம்.

கடையில் விலைப்பட்டை பார்க்கும் கருவி கூவினால்
அவள் தோள் துள்ளுகிறது.
க்ரோனிங்கனிலிருந்து மகள் பேசும்போது
நடுவில் ஒரு மௌனம் விழுந்தால்
கட்டைவிரல் தானாக ஒன்றைத் தேடுகிறது.

ஏப்ரல் ஒன்பது, இரண்டு முப்பத்தொன்று.
தொலைபேசியைத் தலையணைக்கடியில் திணித்தாள்.
அங்கிருந்தும் ஏழு முறை முனகியது.
ஐந்தரைக்குப் போனபோது
பொப்கே நின்றுகொண்டிருந்தது,
பின்னங்கால் கதவிடுக்கில்,
மூன்று மணி நேரமாக.
கத்தியிருக்கும்.
பசுவுக்கு அதைத் தவிர வேறு எண் தெரியாது.

வீபே வந்தான், மடிக்கணினியைத் திறந்தான்.
ஆள் நல்லவன்தான், காலைப் பார்த்து முகம் சுளித்தான்.
ஆனால் பாருங்கள், பதிவில் இருக்கிறது,
இரண்டு முப்பத்தொன்றுக்கே சொல்லியிருக்கிறது என்றான்.
சிலந்திக்கு ஒரு மணி, காலுக்கு ஒரு மணி
வைக்க முடியாதா?
அடுத்த பதிப்பில் வரலாம்.
அவன் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை;
'மற்றவை'யில் குறித்துக்கொண்டு
காப்பியைக் குடித்து முடித்தான்.

இப்போதெல்லாம் ஒன்று ஐம்பதுக்கே எழுந்துவிடுகிறாள்.
முந்திக்கொண்டால்
அந்தக் குரலைக் கேட்க வேண்டாம் அல்லவா.
இரவுச் சட்டைமேல் கோட்டு, ரப்பர் காலணி,
கையில் பாத்திரம் துடைக்கும் துணி.
பொப்கேயின் கட்டுப்போட்ட காலைத் தொட்டுப் பார்ப்பாள்.
பிறகு கண்ணாடிக் கண்ணுக்கு எதிரே போய் நிற்பாள்.

நேற்று உடனே துடைக்கவில்லை.
வைக்கோல் துணுக்கு ஒன்று வலையில் விழுந்து ஆடியது.
சிலந்தி அசையவில்லை.
கதவுவழி கடற்காற்று வந்தது, வலை முழுக்க நடுங்கியது.
சிலந்தி அசையவில்லை.
அப்புறம் ஒரு ஓரத்தில் அந்துப்பூச்சி,
ஒரே ஒரு இழை,
கொஞ்சம்தான்.
எட்டுக் காலும் ஒன்றாய்க் கிளம்பின.

அவள் துணியை மடித்து இடுக்கிக்கொண்டு
பார்த்தபடி நின்றாள்.
கோட்டுப் பையில் தொலைபேசி அதிர்ந்தது.
குரல் முடியும்வரை காத்திருந்து
ஒன்றை அழுத்தினாள்.